இருட்டிலும் தெரியும் புள்ளி

என் அக்கா பையன் டெக்ஸாஸில் இருக்கிறான். இத்தனை வருஷமாக அவன் என்னிடம் கேட்டதெல்லாம் மாமாவிடம் கேட்கக்கூடிய கேள்விகள்தான். என்ன குரூப் எடுக்கலாம், வேலைக்குப் போகலாமா மேலே படிக்கலாமா, பெண் பார்க்கப் போகும்போது என்ன பேசுவது, இப்படி. போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் பண்ணி, "மாமா, ரைஃபிளுக்கு ஒரு ரெட் டாட் சைட் வாங்கணும். 40 டாலருக்கும் இருக்கு, 500 டாலருக்கும் இருக்கு. எதை வாங்கட்டும்?" என்றான்.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். காலேஜில் என்.சி.சி.யில் இருந்தபோது 0.22 ரைஃபிளால் பத்துப் பதினைந்து தோட்டா சுட்டிருக்கிறேன். அதில் பாதி பக்கத்துப் பையனின் அட்டையில் விழுந்தது. அவனுக்கு ஃபர்ஸ்ட் ப்ரைஸ் கிடைத்ததற்கு நானும் ஒரு காரணம். எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். பையன் அந்த ஊர் சிட்டிசன் ஆகிவிட்டான். ஆபீஸ் நண்பர்கள் நவம்பரில் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே வேட்டைக்கு லைசென்ஸ் உண்டு. லைசென்ஸுக்கு முன்னால் பாதுகாப்பு வகுப்பு ஒன்று உண்டு. எந்த மாதம் சுடலாம், எத்தனை சுடலாம் என்று கணக்கு உண்டு. டெக்ஸாஸில் வெள்ளை வால் மான்கள் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. அங்கே ஓநாய்கள் அழிந்துபோய்விட்டதால் மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கிற வேலையை லைசென்ஸ் வாங்கிய மனிதர்கள் செய்கிறார்கள். நம் நாட்டில் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் பக்கம் துப்பாக்கியைத் திருப்பினாலே ஜெயில். அங்கே அது வார இறுதி. சுட்டதைச் சாப்பிடுகிறார்கள்.

சாயந்திரம் அக்கா போன் பண்ணினாள். "ஏண்டா, அவன் மான் சுடப் போறேங்கறான். நீ அவனுக்கு யோசனை வேற சொல்றியாமே?" அவளுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் யோசிக்காமலும் இருக்க முடியவில்லை. நான்கு நாள் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க, அது துப்பாக்கி சமாசாரம் மட்டும் இல்லை என்று பட்டது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

ரெட் டாட் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சினிமாவில் மந்திரி மேடையில் பேசிக்கொண்டிருப்பார். அவர் நெற்றியில் மெதுவாக ஒரு சிவப்புப் புள்ளி வந்து உட்காரும். ஹீரோ பாய்ந்து அவரைத் தள்ளிவிடுவார். அது லேசர். நான் சொல்வது வேறு.

ரெட் டாட் சைட் என்பது துப்பாக்கியின் முதுகில் உட்காரும் சின்னக் குழாய். உள்ளே ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கு. அது எதிரே இருப்பவனை நோக்கி எரியாது, சுடுகிறவனை நோக்கி எரியும். முன்னால் ஒரு வளைந்த கண்ணாடி. அதன் பூச்சு சிவப்பு ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும், மற்ற வெளிச்சத்தை உள்ளே விடும். திரும்பி வரும் சிவப்பு ஒளி இணைகோடாக வருவதால், அந்தப் புள்ளி எங்கோ தூரத்தில், இலக்கின் மேலேயே இருப்பது போலக் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் மானின் மேல் எதுவும் விழுவதில்லை. மானுக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. புள்ளி இருப்பது பார்க்கிறவன் கண்ணில் மட்டும்.

இந்த யோசனைக்கு வயசு நூறுக்கு மேல். 1900-ல் டப்ளினில் டெலஸ்கோப் செய்துகொண்டிருந்த ஹோவர்ட் க்ரப் என்பவர் இதற்குப் பேட்டன்ட் வாங்கினார். பிறகு போர் விமானங்களில் வந்தது. 1975-ல் ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் கம்பெனி எல்.இ.டி. வைத்து ரைஃபிளுக்கு விற்க ஆரம்பித்தது. 1997-ல் அமெரிக்க ராணுவம் அவர்களிடம் மொத்தமாக ஆர்டர் கொடுத்தது.

இதில் என்ன சௌகரியம் என்றால், பழைய ரைஃபிளில் பின்னால் ஒரு வெட்டு, முன்னால் ஒரு முள், அதற்கப்பால் இலக்கு. மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். முள் தெரிந்தால் அட்டை மங்கும், அட்டை தெரிந்தால் முள் மங்கும். என்.சி.சி.யில் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நான் பட்ட பாடு அதுதான். ரெட் டாட்டில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு கண்ணையும் திறந்தபடி இலக்கைப் பாருங்கள். புள்ளி தானாக அங்கே இருக்கும்.

சரி, எதை வாங்குவது? நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், ரைஃபிள் வாங்கப் போவதில்லை என்றாலும்.

முதல் விஷயம், புள்ளி வைத்த இடத்தில் இருக்க வேண்டும். தோட்டா விழும் இடமும் புள்ளி காட்டும் இடமும் ஒன்றாகும்படி திருகி வைப்பதற்கு 'ஜீரோ' பண்ணுவது என்று பெயர். நூறு தடவை சுட்ட அதிர்ச்சிக்குப் பிறகும், ஜீப்பில் குலுங்கிய பிறகும் அந்த ஜீரோ மாறக்கூடாது. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம். பெட்டி மேல் எழுதியிருப்பதை நம்பிப் பிரயோஜனமில்லை. நிதானமாக ஐந்து தோட்டா சுட்டு, அட்டையில் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு இன்னொரு ஐம்பது சுட்டுவிட்டு, மறுபடி ஐந்து. இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் விழுந்தால் அது நாணயமான சாமான்.

அடுத்தது புள்ளியின் அளவு. இதை எம்.ஓ.ஏ. என்று சொல்கிறார்கள். ஒரு எம்.ஓ.ஏ. என்பது 100 கஜ தூரத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம். இரண்டு எம்.ஓ.ஏ. புள்ளி அந்தத் தூரத்தில் இரண்டு அங்குலத்தை மறைக்கும். மானுக்கு இது போதும். பேட்டரி சாதாரண சி.ஆர். 2032, தட்டையான பித்தான் மாதிரி இருப்பது. நல்ல சைட்டில் அது ஆயிரக்கணக்கான மணி நேரம் வரும். சிலவற்றில் துப்பாக்கியை அசைத்தால் விளக்கு தானாக எரியும், அசையாமல் வைத்தால் அணைந்துவிடும். சைட்டை ரைஃபிளோடு இணைக்கிற கிளாம்பு உறுதியாக இருக்க வேண்டும். பாதிப் புகார்கள் கண்ணாடியால் இல்லை, லூஸான ஸ்க்ரூவால்.

விலையில் மூன்று ஜாதி. ஊர் பேர் தெரியாத 30, 40 டாலர் சரக்கு. சிக் சவர், ஹோலோசன் மாதிரி 100 டாலருக்கும் 200 டாலருக்கும் நடுவில் கிடைப்பது. எய்ம்பாயின்ட் மாதிரி 400, 500 என்று மேலே போவது. வருஷத்துக்கு நாலு நாள் காட்டுக்குப் போகிற சாஃப்ட்வேர்காரனுக்கு நடுவில் உள்ளது போதும், மிச்சப் பணத்தில் தோட்டா வாங்கிப் பழகு என்றேன்.

கடையில் போய்ப் பார்த்துவிட்டு, "புள்ளி நசுங்கின தக்காளி மாதிரி தெரியுது மாமா. டூப்ளிகேட்டா?" என்று கேட்டான். "சைட்டைக் கையில் எடுத்து, குழாயை உருட்டிக்கொண்டே பார். நசுங்கல் கூடவே சுற்றினால் கோளாறு சைட்டில். அது பாட்டுக்கு அப்படியே நின்றால் உன் கண்ணில்" என்றேன். அப்படியே நின்றதாம். அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே சிலிண்டர் பவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்திருக்கிறான். பாவம், கடைக்காரரை மனசுக்குள் திட்டியிருப்பான். நாம் இப்படி எத்தனை பேரைத் திட்டியிருக்கிறோமோ.

இங்கேதான் எனக்கு முதல் உறுத்தல் வந்தது. 'போதும்' என்று சொல்ல நான் யார்? மலிவாக வாங்குவது எப்போது சிக்கனம், எப்போது குற்றம்?

யோசித்துப் பாருங்கள். மலிவான செருப்பு வாங்கினால் கடிபடுவது என் கால். மலிவான குடை வாங்கினால் நனைவது என் தலை. அது என் சௌகரியம், யாரும் கேட்க முடியாது. ஆனால் ஸ்கூட்டர் பிரேக் ஷூவில் மிச்சம் பிடித்தால்? தெருவில் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவரும் குழந்தை அந்த மிச்சத்துக்கு விலை கொடுக்கும். பொருள் பழுதானால் யாருக்கு வலிக்கும் என்று கேட்டால் போதும். எனக்கு வலிக்கும் என்றால் அது சிக்கனம். இன்னொருவருக்கு என்றால் அதற்கு வேறு பெயர்.

மானின் கணக்கைப் பாருங்கள். இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் எட்டு அங்குல வட்டம். அதில் பட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். 40 டாலர் சைட் ஜீப் குலுங்கலில் ஆறு எம்.ஓ.ஏ. நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தின் நட்ட நடுவில் புள்ளியை வைத்துச் சுட்டாலும், 100 கஜத்தில் தோட்டா ஆறு அங்குலம் தள்ளி, வயிற்றிலோ காலிலோ படும். மான் ஓடிவிடும். இருட்டுகிற காட்டில், எங்கோ ஒரு புதரில், ராத்திரி முழுவதும் சாகும். சுட்டவன் 'மிஸ் ஆயிடுச்சு' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். அவன் மிச்சம் பிடித்த 100 டாலருக்கு மான் விலை கொடுத்தது.

அப்படியானால் 500 டாலர் கொடுத்துவிட்டால் மனசாட்சி சுத்தமா? அதுவும் இல்லை. அமெரிக்க ராணுவத்துக்கு எல்-3 என்ற பெரிய கம்பெனி ஹோலோகிராபிக் சைட்கள் விற்றது. இதே குடும்பத்தைச் சேர்ந்த, விலை கூடின சாமான். கடுங்குளிரிலும் வெயிலிலும் குறி நகர்கிறது என்பது கம்பெனிக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது. வருஷக்கணக்கில் சொல்லவில்லை. அரசு வழக்குப் போட, 2015 நவம்பரில் 2 கோடியே 56 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. ஆக, விலை கூட உண்மைக்கு உத்தரவாதம் இல்லை. ஐந்து, ஐம்பது, மறுபடி ஐந்து என்று நாமே சுட்டுப் பார்ப்பதுதான் உத்தரவாதம்.

சரி, சைட் நாணயமானது என்று தெரிந்துவிட்டது. அப்புறம்? இங்கே உங்களுக்கு ஒரு பழைய சம்பவம் சொல்ல வேண்டும்.

1970. வியட்நாம் யுத்தம். ஹனோய்க்கு மேற்கே சோன் தாய் என்ற இடத்துச் சிறையில் அமெரிக்க விமானிகள் கைதிகளாக இருப்பதாகத் தகவல். அவர்களை மீட்க 56 வீரர்கள் ஃப்ளோரிடாவில் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். ராத்திரித் தாக்குதல். இருட்டில் யாருக்கும் குறி சரியாக அமையவில்லை. ராணுவத்திடம் இதற்கு மருந்து இல்லை. கடைசியில் சாதாரண வேட்டைக்காரர்களுக்காகக் கடையில் விற்ற 'சிங்கிள்பாயின்ட்' என்ற சைட்டை வாங்கி மாட்டினார்கள். விலை சுமார் 50 டாலர். அந்தக் குழாய் வழியாக வெளியே எதுவும் தெரியாது. ஒரு கண் குழாய்க்குள் இருக்கும் புள்ளியைப் பார்க்கும், மறு கண் வெளியே பார்க்கும். மூளை இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். இருட்டில் விழாத குறி விழ ஆரம்பித்தது.

நவம்பர் 21 அதிகாலை ஹெலிகாப்டர்கள் இறங்கின. ஒன்று இடம் தவறிப் பக்கத்து வளாகத்தில் இறங்கிவிட்டது. இங்கே சிறை இல்லை என்று தெரிவதற்குள் அங்கே பெரிய சண்டை. மற்றவர்கள் சரியான சிறையில் இறங்கினார்கள். காவலர்களைச் சுட்டு வீழ்த்தினார்கள். அறை அறையாகக் கதவைத் திறந்தார்கள். ஒரு கைதி கூட இல்லை. ஜூலை மாதமே எல்லோரையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். வந்தவர்கள் ஒருவர் உயிரையும் இழக்காமல், ஒருவரையும் மீட்காமல் திரும்பினார்கள்.

50 டாலர் புள்ளி அதன் வேலையை ஒழுங்காகச் செய்தது. தோட்டா எங்கே போகும் என்று சொல்வது அதன் வேலை. அங்கே யார் இருக்கிறார்கள் என்று சொல்வது அதன் வேலை இல்லை.

இந்தச் சங்கதி நம் பாட்டிகளுக்குத் தெரியும். தசரதனுக்குச் சத்தத்தை வைத்தே அம்பு விடுகிற வித்தை தெரியும். ராத்திரி. சரயு நதிக்கரை. குடத்தில் தண்ணீர் நிரம்பும் சத்தம். யானை தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்து அம்பை விட்டான். குறி தப்பவில்லை. விழுந்தது கண் தெரியாத பெற்றோருக்குத் தண்ணீர் எடுக்க வந்த பிள்ளை. வித்தை மட்டமாக இருந்திருந்தால் அந்தப் பையன் பிழைத்திருப்பான். ராமாயணத்துக்கே வேலை இருந்திருக்காது.

ரெட் டாட்டில் எனக்குப் பயமாகத் தோன்றிய விஷயமும் இதுதான். பழைய ரைஃபிளில் இருட்டினால் முள் தெரியாது. முள் தெரியாவிட்டால் சுட முடியாது. கண்ணின் எல்லையும் துப்பாக்கியின் எல்லையும் ஒன்றாக இருந்தன. சிவப்புப் புள்ளிக்கு அந்த எல்லை இல்லை. வெளிச்சம் குறையக் குறைய அது இன்னும் பளிச்சென்று தெரியும். எதிரே இருப்பது மானா, கன்றுக்குட்டியா, குனிந்து ஷூ லேஸ் கட்டுகிற மனிதனா என்று தெரியாத இருட்டிலும், எங்கே சுட வேண்டும் என்று மட்டும் தெளிவாகக் காட்டும். டெக்ஸாஸில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை மான் சுடச் சட்டம் அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிக்கும், புள்ளியும் தெரியும், கண்ணுக்குத்தான் தெரியாது. அந்தச் சில நிமிஷம் எல்லாம் சுடுகிறவன் கையில்.

துப்பாக்கியை விடுங்கள். நமக்குக் கிடைத்திருக்கும் புதுக் கருவிகள் பலவும் இப்படித்தான் இல்லையா? ஒருத்தரைப் பற்றி ஒரு செய்தி போனில் வருகிறது. நாலு விநாடியில் நானூறு பேருக்கு அனுப்பிவிடலாம். அந்தக் காலத்தில் ஒருவரைப் பற்றி அவதூறு பரப்ப, திண்ணை திண்ணையாக ஏறி இறங்க வேண்டும். மூன்றாவது திண்ணையில் யாராவது ஒரு பெரியவர், "நீ கண்ணால பார்த்தியா?" என்று கேட்பார். இப்போது குறி வைப்பது சுலபம். அந்தப் பெரியவரை மட்டும் காணோம்.

அர்ஜுனன் கதையை நாம் குழந்தைகளுக்கு ஆசையாகச் சொல்கிறோம். "என்ன தெரிகிறது?" என்று துரோணர் கேட்டாராம். மரம் தெரியவில்லை, கிளை தெரியவில்லை, பறவை மட்டும்தான் தெரிகிறது, அதிலும் தலை மட்டும்தான் என்றானாம். படிப்புக்கும் பரீட்சைக்கும் நல்ல கதைதான். ஆனால் மரத்தில் இருந்தது பொம்மைப் பறவை. அதை மறந்துவிடுகிறோம். நிஜப் பறவை, நிஜ மரம் என்றால் கிளையும் தெரிய வேண்டும், கிளைக்குப் பின்னால் யார் வீட்டு ஜன்னல் என்பதும் தெரிய வேண்டும். பையன் போன பாதுகாப்பு வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். துப்பாக்கியில் எப்போதும் தோட்டா இருப்பதாகவே நினை. அழிக்க விரும்பாத எதன் பக்கமும் திருப்பாதே. குறி வைத்து முடிவெடுக்கும் வரை விரலை டிரிக்கரில் வைக்காதே. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்.

ரெட் டாட்டை இரண்டு கண்ணையும் திறந்துதான் பார்க்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? வேகத்துக்காகச் சொல்வார்கள். எனக்கு வேறு காரணமும் தெரிகிறது. ஒரு கண் புள்ளிக்கு, மறு கண் மற்றதற்கெல்லாம்.

நவம்பர் இரண்டாவது வாரம் பையனிடமிருந்து போன். 140 டாலரில் ஒன்று வாங்கி, ஐந்து, ஐம்பது, ஐந்து எல்லாம் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

"என்னடா ஆச்சு?"

"ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம் மாமா. இருட்டப் போற நேரத்துல ஒண்ணு வந்துச்சு. எழுபது கஜம்தான். புள்ளி கரெக்டா நெஞ்சு மேல இருந்துச்சு."

"அப்புறம்?"

"சுடலை."

"ஏன், கை நடுங்கிடுச்சா?"

"இல்ல மாமா. அது மேட்டு மேல நின்னுச்சு. பின்னாடி வெறும் வானம். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியலை. ரோடா, வீடா... தோட்டா மைல் கணக்குல போகுமே. விரலை எடுத்துட்டேன். கூட வந்தவங்க எல்லாம் செம கிண்டல்."

அக்காவிடம் சொன்னேன். "மான் பொழைச்சுதுல்ல, அது போதும்" என்றாள். அவள் கவலை மானைப் பற்றி. அவன் அடுத்த வருஷமும் போவான், ஒருநாள் சுடவும் சுடுவான். அது சரியா தப்பா என்று அம்மாவும் பிள்ளையும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். அன்றைக்கு அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது இருந்திருந்தால், அவர்களுக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. ராத்திரி வழக்கம் போலச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பார்கள்.

அடுத்த தடவை உங்களுக்கு யார் மேலாவது புள்ளி பளிச்சென்று தெரிந்தால், அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தெரியவில்லையா? விரலை எடுத்துவிடுங்கள்.